ஐந்து நிமிடக் கணக்கு

தொலைபேசித் துறையில் நான் வேலை பார்த்த வருஷங்களில் அதிகமாகத் திட்டு வாங்கிய இடம் எது என்று கேட்டால், மீட்டர் ரூம் என்றுதான் சொல்வேன். பழைய எக்ஸ்சேஞ்சுகளைப் பார்த்திராத இளைய நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு சின்ன மீட்டர் இருக்கும். அவர் பேசப் பேச அது 'டிக், டிக்' என்று ஒவ்வொரு எண்ணாக ஏறும். எஸ்.டி.டி. பேசினால் வேகமாக ஏறும். குறிப்பிட்ட நாளில் மீட்டர்களை வரிசையாகப் படம் பிடித்து, அந்தப் படத்தில் உள்ள எண்ணிலிருந்து பழைய எண்ணைக் கழித்தால் அதுதான் பில்.

"நான் ஊர்லயே இல்லாத மாசத்துல எப்படி சார் இவ்வளவு வந்துச்சு?" என்று வந்து நிற்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மீட்டருக்குத் தெரிந்தது மொத்தம் மட்டும். யாருக்குப் பேசினார், எப்போது பேசினார், வீட்டில் யார் பேசினார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பிற்பாடு எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்து, எந்த எண்ணுக்கு எத்தனை நிமிடம் என்று விவரமாக அச்சடித்துக் கொடுக்க முடிந்தபோது அந்தச் சண்டைகள் குறைந்தன. வேறு சண்டைகள் வந்தன. பட்டியலைப் பார்த்துவிட்டு, "இந்த நம்பருக்கு யாருடி பேசினது?" என்று வீட்டுக்குள் தொடங்கிய சண்டைகள். அதில் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று தப்பித்துக்கொண்டோம்.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்லக் காரணம் உண்டு. 2001-ல் ஓய்வு பெற்ற பிறகு மதுரையில் ஒரு சிறிய இன்டர்நெட் கம்பெனியில் ஆலோசகராகச் சேர்ந்தேன். அங்கே டிராஃபிக்கைக் கண்காணிக்க எந்த மென்பொருள் வாங்குவது என்று மூன்று வருஷம் மல்லுக்கட்டியபோது, என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது இந்த மீட்டர் ரூம்தான்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல். மட்டும்தான் அப்போது. தனியாருக்கு அனுமதி 1998 நவம்பரில். அதன் பிறகு ஊருக்கு ஊர் சின்னச் சின்னக் கம்பெனிகள் முளைத்தன. எங்கள் முதலாளி கேபிள் டிவி நடத்தியவர். கம்பத்துக்குக் கம்பம், மொட்டை மாடிக்கு மொட்டை மாடி ஏற்கெனவே அவர் ஒயர் போய்க்கொண்டிருந்தது. கூடவே இன்னொரு ஒயர் இழுத்து, தெருவுக்கு ஒரு ஸ்விட்ச் வைத்து, கே.கே. நகர், அண்ணா நகர், தல்லாகுளம், செல்லூர் என்று இணைப்புக் கொடுத்தார். சென்னையிலிருந்த ஒரு பெரிய நிறுவனத்திடம் நாங்கள் மொத்தமாக பேண்ட்வித் வாங்கி, சில்லறையாக விற்போம். அரிசி மண்டி மாதிரிதான். மூட்டைக்கணக்கில் வாங்கி, படிக்கணக்கில் அளந்து ஊற்றுவது. அளக்கிற படி சரியாக இல்லாவிட்டால் வியாபாரம் நிற்காது.

முதலில் எங்களிடம் இருந்த படி, எம்.ஆர்.டி.ஜி. உலகம் முழுக்கப் பாதி இன்டர்நெட் கம்பெனிகள் அதைத்தான் வைத்திருந்தன. டோபியாஸ் ஓட்டிகர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது எழுதியது. அந்தக் கல்லூரி முழுக்க வெளி உலகத்துக்கு ஒரே ஒரு 64 கிலோபிட் லைன்தான். அது நிரம்பி வழிகிறதா என்று எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்ததால் 1994-ல் எழுத ஆரம்பித்தாராம். இலவசம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டரிடம் "உன் போர்ட்டில் இதுவரை எத்தனை பைட் போயிருக்கிறது?" என்று கேட்கும். போன தடவை சொன்ன எண்ணைக் கழித்து, 300 நொடியால் வகுத்து ஒரு புள்ளி வைக்கும். உள்ளே வருவது பச்சை, வெளியே போவது நீலம். நான் முதல்முறை பார்த்தபோதே, இது நம்ம மீட்டர் போட்டோ அல்லவா என்று சிரித்துவிட்டேன். படம் பிடிப்பது மாதக்கணக்கில் இல்லாமல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அவ்வளவுதான்.

அதே குறையும் இருந்தது. மொத்தம் தெரியும், விவரம் தெரியாது.

2003 ஜனவரி 25, சனிக்கிழமை. மறுநாள் குடியரசு தினம் என்பதால் அலுவலகத்தில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்கள். காலை பதினொன்று தாண்டியதும் போன்கள் அலறத் தொடங்கின. எல்லாப் பகுதியிலும் இணைப்பு படுத்துவிட்டது. கிராஃபைப் பார்த்தால், எப்போதும் பச்சை மலைக்குக் கீழே பணிவாக ஓடும் நீலக்கோடு எழுந்து உச்சியில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. வெளியே ஏதோ பீறிட்டுப் போகிறது. யாரிடமிருந்து? என்ன? கிராஃப் வாயைத் திறக்கவில்லை.

அது ஸ்லாமர் புழு என்பது அன்று மாலைதான் தெரிந்தது. மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்தது. ஓட்டையை அடைக்கும் பேட்ச் 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள் ஏராளம். ஒரு பாக்கெட் வெறும் 404 பைட். வேகமான லைனில் இருக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டர் நொடிக்கு இருபதாயிரத்துக்கும் மேல் அனுப்பும். அது பரவ ஆரம்பித்த பத்தே நிமிடத்தில், மாட்டக்கூடிய கம்ப்யூட்டர்களில் பத்துக்கு ஒன்பது மாட்டிவிட்டன என்று பிறகு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். நம் ஊர் நேரப்படி அது கிளம்பியதே காலை பதினொரு மணி வாக்கில்தான். எங்களுக்கு வந்த முதல் போனும் கிட்டத்தட்ட அதே நேரம்.

நாங்கள் எப்படிக் கண்டுபிடித்தோம்? ஒவ்வொரு பகுதியின் கேபிளாகப் பிடுங்கி, நீலக்கோடு இறங்குகிறதா என்று பார்த்தோம். கேபிளைப் பிடுங்கிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும், அடுத்த புள்ளி விழ! நான்காவது கேபிளில் ஒரு ஜவுளிக்கடையின் கணக்கு கம்ப்யூட்டர் சிக்கியது. மூன்றரை மணி நேரம் ஆனது. "எலக்ட்ரீஷியன் ஃப்யூஸ் புடுங்குற மாதிரி இருக்கே சார்" என்றான் எங்கள் இளம் இன்ஜினியர். அவனை இனி 'தம்பி' என்றே குறிப்பிடுகிறேன். அப்படித்தான் கூப்பிடுவேன்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகுதான் முதலாளி, "நல்ல சாஃப்ட்வேரா ஒண்ணு வாங்கிருவோம் சார், நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டு மறந்தும் போனார். புழு போய்விட்டது, லைன் ஓடுகிறது, பிறகென்ன. 2005-ல் சந்தாதாரர்கள் பெருகி, சென்னை நிறுவனத்துடன் புது ஒப்பந்தம் போட்டபோதுதான் அந்தப் பேச்சு மறுபடி வந்தது.

கொட்டேஷன்கள் வந்தன. பெரிய கம்பெனிகளெல்லாம் வைத்திருந்த ஹெச்.பி. ஓப்பன்வியூ எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் இல்லை. ஜெர்மனியிலிருந்து வந்த பி.ஆர்.டி.ஜி. விண்டோஸிலேயே ஓடும், அரை மணி நேரத்தில் நிறுவிவிடலாம். சென்னையிலேயே அட்வென்ட்நெட் என்ற நிறுவனம் ஆப்மேனேஜர் என்று ஒன்று செய்திருந்தது. இன்று சோஹோ என்று எல்லோருக்கும் தெரிந்த அதே நிறுவனம்தான். நம் ஊர்க்காரர்கள் செய்தது என்பதில் எனக்கு ஒரு தனிப் பிரியம் இருந்ததை மறைக்கவில்லை. இவை போக இன்னும் ஒன்றிரண்டு வெளிநாட்டுச் சரக்குகள்.

அவற்றில் ஒன்றுக்கு டெமோ காட்ட டை கட்டிய ஒருவர் வந்தார். சுவரில் மதுரை வரைபடம் விரிந்தது. கோவிலைச் சுற்றி மாசி வீதி, வெளி வீதியெல்லாம் பச்சைப் புள்ளிகள் மினுக்கின. ஒரு ஸ்விட்சை அணைத்ததும் அந்தப் புள்ளி சிவந்து, 'பீம்' என்று ஒரு சத்தம். முதலாளி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். ரிசப்ஷனில் பெரிய டிவி வைத்து இதைப் போட்டால் பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள் என்பது அவர் கணக்கு. அதுவும் ஒரு நியாயம்தான். பணம் அவருடையது.

எனக்குக் கேட்க வேண்டியது வேறு இருந்தது. முதல் கேள்வி: எண்ணி முடித்த மீட்டர் மறுபடி பூஜ்யத்துக்கு வந்தால் என்ன செய்யும்? பழைய ரவுட்டர்களில் பைட் எண்ணும் மீட்டர் 32 பிட். 429 கோடியே சொச்சம் வரை எண்ணிவிட்டு சைபரிலிருந்து தொடங்கும். லைன் 100 மெகாபிட் வேகத்தில் நிரம்பி ஓடினால் 343 நொடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். கிகாபிட் என்றால் 34 நொடி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறவனுக்கு, இடையில் எத்தனை சுற்று சுற்றியது என்று எப்படித் தெரியும்? ஊருக்குள்ளேயே எங்கள் சந்தாதாரர்கள் ஒருவருக்கொருவர் சினிமா பரிமாறிக்கொண்ட முதுகெலும்பு லைனில் இந்தக் கூத்து உண்மையிலேயே நடந்தது. மாலையில் டிராஃபிக் ஏற ஏற, கிராஃப் இறங்கும்! இதற்கு மருந்து 64 பிட் மீட்டர். ஆனால் அதைப் படிக்க, கேட்கும் மொழியின் இரண்டாம் பதிப்பில் கேட்க வேண்டும். பழைய முதல் பதிப்பில் கேட்டால் அது கிடைக்கவே கிடைக்காது. டை கட்டியவர் "டெக்னிக்கல் டீமிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுதிக்கொண்டார்.

இரண்டாவது, லைசென்ஸை எதைக்கொண்டு எண்ணுவீர்கள்? ஒரு கருவிக்கு ஒன்றா, ஒரு போர்ட்டுக்கு ஒன்றா? எங்களிடம் 24 போர்ட் ஸ்விட்ச் நாற்பது இருந்தன. 960 போர்ட். கருவிக் கணக்கில் மலிவாகத் தெரிந்த ஒன்றும் போர்ட் கணக்கில் விலை ஏறும் ஒன்றும் கொட்டேஷனின் முதல் பக்கத்தில் ஒரே மாதிரிதான் இருந்தன.

மூன்றாவது மின்தடை. ஒரு தெருவில் கரண்ட் போனால் அந்த ஸ்விட்சும் அதற்குப் பின்னால் தொங்கும் பத்து ஸ்விட்சும் சேர்ந்து விழும். பதினோரு அலாரம். ராத்திரி இரண்டு மணிக்குப் பதினோரு எஸ்.எம்.எஸ். வந்தால் ஒரு வாரத்தில் தம்பி போனை அணைத்துவிட்டுத் தூங்கக் கற்றுக்கொள்வான். யாருக்குப் பின்னால் யார் என்று சொல்லி வைத்தால் தலையாய ஸ்விட்சுக்கு மட்டும் குரல் கொடுக்கும் புத்தி அந்த மென்பொருளுக்கு உண்டா? சிலவற்றுக்கு இருந்தது. இலவசமாகக் கிடைத்த நாகியோஸுக்கு இருந்தது.

நான்காவது கேள்வியை முதலாளி சில்லறை விஷயமாக நினைத்தார். போன மாதம் மூன்றாம் தேதி மாலை 7.35-க்கு எவ்வளவு ஓடியது என்று இன்று காட்ட முடியுமா?

எம்.ஆர்.டி.ஜி.யால் முடியாது. இடத்தை மிச்சப்படுத்த அது பழையதைக் குறுக்கிக்கொண்டே போகும். ஐந்து நிமிடக் கணக்கு சுமார் இரண்டு நாள் வரைதான். அதற்குமேல் அரை மணிச் சராசரி, பிறகு இரண்டு மணிச் சராசரி, கடைசியில் ஒரு நாளுக்கு ஒரே எண். சராசரியில் உச்சம் கரைந்துவிடும். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் பஸ் ஏறினார்கள் என்ற கணக்கை வைத்துக்கொண்டு, சாயங்காலம் ஆறரை மணி பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கியவனைக் கண்டுபிடிக்க முடியுமா?

இது எதற்கு என்றால், எங்கள் புது ஒப்பந்தம் '95 சதவீதக் கணக்கு'. உறுதி அளவு 20 மெகாபிட். அதற்குமேல் போனால் கூடுதல் கட்டணம். ஆனால் உச்சத்தை அப்படியே பிடித்துக்கொண்டு பில் போட மாட்டார்கள். 30 நாள் மாதத்தில் ஐந்து நிமிட அளவுகள் 8,640. அவற்றைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலே உள்ள 5 சதவீதத்தை, அதாவது 432-ஐத் தள்ளிவிட வேண்டும். அடுத்து நிற்கும் எண்தான் பில். மாதத்தில் 36 மணி நேரம் எவ்வளவு துள்ளினாலும் காசில்லை. தினம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். எங்கள் சந்தாதாரர்களோ இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை துள்ளுகிறவர்கள்.

இந்தக் கேள்விக்கு நாங்கள் கண்ட விடை ஆர்.ஆர்.டி. டூல். அதே ஓட்டிகர் 1999-ல் வெளியிட்டது. எந்தக் கணக்கை எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்பதை நாமே சொல்லலாம். ஒரு போர்ட்டின் உள்ளே, வெளியே இரண்டையும் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒரு வருஷம் முழுக்க வைத்தால் ஆகும் இடம் சுமார் 1.7 மெகாபைட். ஆயிரம் போர்ட்டுக்கும் 1.7 கிகாபைட். அப்போதே 80 கிகாபைட் டிஸ்க் கடையில் கிடைத்தது. இவ்வளவு மலிவான விஷயத்தை யார் எதற்குக் குறுக்க வேண்டும்? அதன் மேல் படம் காட்ட கேக்டை. ஆனால் ஆர்.ஆர்.டி.யும் நேரத்தைச் சீராக்க எண்ணை லேசாகச் சரிக்கட்டும். அதனால் சென்னை லைன் ஒன்றுக்கு மட்டும், ரவுட்டர் சொன்ன அசல் எண்ணை, கேட்ட மணி, நிமிடம், நொடியோடு ஒரு சாதா ஃபைலில் எழுதி வைக்கச் சொன்னேன். தம்பி பெர்லில் இருபது வரியில் எழுதினான். மீட்டர் போட்டோ!

டெமோ காட்டியவர்களின் மென்பொருளையும் இரண்டு வாரம் சோதனைக்கு வாங்கி, பக்கத்தில் ஓடவிட்டோம். சண்டை மூளாமல் ஒப்பிட அதுதான் வழி. அந்தச் சமயத்தில்தான் ஜூன் மாத இன்வாய்ஸ் வந்தது.

29.1 மெகாபிட். எங்கள் கணக்கில் 23.6. ஐந்தரை மெகாபிட் என்பது இன்று ஒரு கைப்பேசிக்குப் போதாது. 2005-ல் அது எங்கள் மாதச் சம்பளப் பட்டியலில் பெரும்பகுதி. முதலாளி முகம் இருண்டுவிட்டது. "நம்ம மெஷின் தப்பா காட்டுதா சார்?" சென்னைக்குப் போன் செய்தால், "எங்கள் சிஸ்டம் சொல்வதுதான் பில்" என்ற பதில். எத்தனை சந்தாதாரரிடம் நானே அந்த வசனத்தைச் சொல்லியிருப்பேன்!

சிறு வித்தியாசம் என்றால் காரணங்கள் உண்டு. அவர்கள் எட்டிப் பார்க்கும் நொடி வேறு, நாம் பார்க்கும் நொடி வேறு. ஆயிரத்தைக் கிலோ என்பார் ஒருவர், 1,024-ஐக் கிலோ என்பார் இன்னொருவர். அதெல்லாம் இரண்டு, மூன்று சதவீதம். இது இருபது சதவீதத்துக்கு மேல். ஒப்பந்தத்தை எடுத்து அந்தப் பத்தியை மறுபடி படித்தேன். 'உள்வரவு, வெளிச்செல்லல் இரண்டில் எது அதிகமோ அது' என்று தெளிவாக இருந்தது. தம்பியிடம் சொன்னேன்: "எதுக்கும் ரெண்டையும் கூட்டி அடுக்கிப் பாரு."

அந்தச் சாதா ஃபைலில் 8,640 வரிகள். உள்ளேயும் வெளியேயும் கூட்டி, அடுக்கி, மேலே 432 வரியைத் தள்ளிவிட்டு, 433-ஆவது வரியைப் படித்தான். 29.0.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த விலையுயர்ந்த மென்பொருளிலும் இதே மாதம் இருந்தது. ஆனால் அது சோதனைக்கு வந்தபடியே, ஒரு வாரத்துக்கு மேற்பட்டதை ஒரு மணிச் சராசரியாகக் குறுக்கியிருந்தது. அமைப்பை மாற்றினால் வைத்துக்கொள்ளும்தான். மாற்ற வேண்டும் என்று யார் முன்கூட்டி நினைப்பார்கள்?

ஃபைலையும் ஒப்பந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினோம். பதினோரு நாள் பதில் இல்லை. பிறகு ஒரு வரி விளக்கமும் இல்லாமல் திருத்திய இன்வாய்ஸ் வந்தது. 23.7. அந்தப் பத்தில் ஒரு பங்குக்குச் சண்டை போட வேண்டாம் என்று முதலாளியே சொல்லிவிட்டார். ரிசப்ஷனுக்குப் பெரிய டிவி வாங்கும் யோசனையும் அன்றோடு போயிற்று. உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். அந்தப் பச்சைப் புள்ளி வரைபடம் அழகாகத்தான் இருந்தது.

இலவச மென்பொருள்தான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. லினக்ஸ் தெரிந்த ஒரு பையன் எங்களிடம் இருந்தான், அதனால் நடந்தது. அவன் இல்லாத கம்பெனிக்கு நான் விண்டோஸில் ஓடும் ஒன்றைக் காசு கொடுத்தே வாங்கச் சொல்லியிருப்பேன். சொல்லியும் இருக்கிறேன், திண்டுக்கல்லில் ஒரு நண்பருக்கு. தம்பி எப்படியும் ஒருநாள் பெங்களூர் போவான் என்று தெரியும். அதனால் என்ன நிறுவினான், எங்கே வைத்தான், எது நின்றால் எதைத் தொட வேண்டும் என்று நீளக் கணக்கு நோட்டில் பேனாவால் எழுதச் சொன்னேன். "வேர்டுல அடிச்சுத் தர்றேன் சார்" என்றான். சர்வரே படுத்திருக்கும்போது வேர்டை எங்கே போய்த் திறப்பது? 2007-ல் அவன் போனான். நோட்டு இருந்தது.

மீதி இருந்தது ஸ்லாமர் எழுப்பிய கேள்வி. யார், எங்கே? அதற்கு விடை நெட்ஃப்ளோ. சிஸ்கோ ரவுட்டர் ஒவ்வொரு உரையாடலையும், எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்தக் கதவு எண், எத்தனை பாக்கெட், எத்தனை பைட் என்று ஒரு வரியாக எழுதி அனுப்பும். உள்ளே என்ன பேசினார்கள் என்பது கிடையாது. எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சின் அழைப்புப் பட்டியல் மாதிரியேதான். அதைச் சேர்த்து வைக்க ஃப்ளோ டூல்ஸ் என்ற இலவசத் தொகுப்பு இருந்தது. இரண்டு சங்கதிகளை மட்டும் கவனிக்க வேண்டியிருந்தது. நீண்ட டவுன்லோடு நடந்தால் ரவுட்டர் அரை மணி நேரம் சேர்த்து வைத்து ஒரே வரியாகக் கொட்டும். கிராஃபில் திடீரென்று கோபுரம் எழும். அந்த அரை மணியை ஒரு நிமிடமாக மாற்ற வேண்டும். இன்னொன்று, எங்கள் சந்தாதாரர்களுக்கு உள்முகவரிதான், வெளியே போகும்போது எல்லோரும் ஒரே முகவரி. ஆகவே முகவரி மாறும் இடத்துக்கு உள்பக்கம் நின்று எண்ண வேண்டும். வெளிப்பக்கம் நின்றால் மதுரையே ஒரு ஆள் மாதிரித் தெரியும்.

ஓட ஆரம்பித்த இரண்டாவது மாதமே ஒரு கம்ப்யூட்டர் வைரஸ் பிடித்து ஆட, நான்கு நிமிடத்தில் வீட்டைச் சொல்லிவிட்டோம். கேபிள் பிடுங்கவில்லை.

பெருமையாக இருந்தது. அதனால்தான் செய்தி பரவியது போல. ஒரு நாள் முதலாளிக்கு மிகவும் வேண்டியவர் ஒருவர், பகுதியில் பெரிய மனிதர், என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். காலேஜ் போகும் மகள். ராத்திரி ஒரு மணி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். "எங்கெங்க போறான்னு உங்க மெஷின்ல வருதாமே சார். ஒரு லிஸ்ட் மட்டும் போட்டுக் குடுங்க, நம்ம பிள்ளை விஷயம்." முதலாளியிடம் ஏற்கெனவே பேசிவிட்டு வந்திருந்தார்.

தகப்பனின் கவலை பொய்யில்லை. எனக்கும் மகள் உண்டு. ஆனால் முகவரிப் பட்டியலில் என்ன தெரியும்? ஏதோ ஒரு அமெரிக்க எண்ணுக்கு ராத்திரி 12.40-க்கு 200 பாக்கெட். அது பாடமா, பாட்டா, சிநேகமா, அந்த வரிக்குத் தெரியாது. பார்க்கிற கண்ணுக்கு என்ன வேண்டுமோ அது தெரியும். மீட்டர் ரூம் காலத்தில், பட்டியல் கையில் கிடைத்த வீடுகளில் என்ன நடந்தது என்று கேள்விப்பட்டவன் நான். "அப்படி எடுக்க முடியாதுங்கய்யா, அது லைன் ரிப்பேருக்கு மட்டும்தான்" என்றேன். அவர் எழுந்து போனவிதம் நன்றாக இல்லை. முதலாளிக்கும் என்மேல் வருத்தம். இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் நானே போய்ச் சொன்னேன். எந்தச் சந்தாதாரருக்கு எந்த எண் என்ற பதிவு லைசென்ஸ் விதிக்காக இருக்கட்டும், அது தனி. இந்த உரையாடல் வரிகள் ஏழு நாளுக்கு மேல் வேண்டாம், தானாக அழியட்டும். வைரஸ் பிடிக்க ஒரு நாள் போதும், ஏழு என்பதே தாராளம். "இன்னைக்கு அவர் கேட்டார், நாளைக்கு அவருக்கு வேண்டாதவர் அவரோட லிஸ்டைக் கேட்பார் தம்பி" என்றேன். எங்களுக்குள் அவரையும் தம்பி என்றுதான் சொல்வேன், முதலாளியானாலும் வயதில் சின்னவர். யோசித்தார். சரி என்றார். மீட்டர் கணக்கு பதின்மூன்று மாதம், பேச்சுக் கணக்கு ஏழு நாள். நான் அங்கிருந்து விலகும்வரை அப்படியே இருந்தது.

இப்போது காரைக்குடிப் பக்கம் என் தங்கை மகன் ஃபைபர் இணைப்பு கொடுக்கிறான். 10 கிகாபிட் லைன். எங்கள் பழைய 32 பிட் மீட்டர் அதில் மூன்றரை நொடிக்கு ஒருமுறை சுற்றும். 64 பிட் மீட்டர் ஒரு சுற்று முடிக்க நானூற்று அறுபது வருஷத்துக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். "அதுவரைக்கும் நான் லோன் கட்டி முடிச்சிருவேன் மாமா" என்றான். லிப்ரே என்.எம்.எஸ். வைத்திருக்கிறான், கேக்டையைவிடப் பார்க்க லட்சணமாக இருக்கிறது, உள்ளே அதே ஆர்.ஆர்.டி.தான். நெட்ஃப்ளோவை இவ்வளவு வேகத்தில் முழுக்க எழுத முடியாது, ஆயிரத்தில் ஒரு பாக்கெட்டைப் பார்த்துப் பெருக்கிக்கொள்கிறார்கள். பில்லுக்கு உதவாது, தாக்குதல் எங்கிருந்து என்று பார்க்கப் போதும்.

ஐந்து நிமிடக் கணக்கை எத்தனை நாள் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றான். இரவு ஒன்பதரைக்குப் போன் வந்தது. அதை நிறுவிக் கொடுத்தவர் போட்டபடியே விட்டிருக்கிறான், அதில் ஒரு மாதத்துக்குக்கூட முழுதாக இல்லை. பேசிக்கொண்டே மாற்றினான். பழைய ஃபைல்களையும் ஒவ்வொன்றாக நீட்ட வேண்டும், அது நாளைக்கு என்றான். அவனுடைய ஒப்பந்தத்தில் அந்தப் பத்தி எப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டேன். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். எழுத்து பொடியாக இருக்கிறது. காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டும்.